மரத்தடியில் அமர்ந்த பள்ளி

சாந்திநிகேதனில் பயின்ற முதியவர் ஒருவருக்குப் புதன்கிழமை என்றாலே இன்றும் விடுமுறை நினைவுதான். அப்பள்ளியின் வார ஓய்வு ஞாயிறு அல்ல, புதன்.

இளமையில் வகுப்பறைச் சுவர்களுக்குள் மனம் ஒட்டாத ரவீந்திரநாத தாகூர், 1901 டிசம்பர் 22இல் ஐந்து மாணாக்கருடன் இதனைத் தொடங்கினார். மாணாக்கர் மரநிழலில் ஆசனம் விரித்து ஆசிரியரைச் சூழ்ந்து அமர்ந்தனர். மழை பெய்தால் வகுப்பு கலையும். 1921இல் விசுவபாரதியாக வளர்ந்த அந்நிறுவனத்தில், பட்டம் பெறுவோருக்கு ஏழிலைப்பாலை இலைகளை வழங்கும் மரபும் வேரூன்றியது.

அண்மையில் முதியவர் அங்கே சென்றார். அவர் அமர்ந்து படித்த மரம் இல்லை. உடன் பயின்றோர் பலரும் இல்லை. அடுத்த மரத்தடியிலோ சிறுவர் வட்டமாக அமர்ந்திருந்தனர். "நமக்காகப் பள்ளி காத்திருப்பதில்லை, வருவோருக்காகவே நிற்கிறது" என்றார் அவர், ஏக்கம் பாதி தணிந்தவராய்.