கடலோரத்தில் ஒரு பழைய சந்தை நகரம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாத்தம் துறையிலிருந்து அங்கே படகு போகிறது. ஆட்களும் வண்டிகளும் அதில் போய் இறங்குவார்கள். படகு வந்து நிற்கும் இடத்தில் கடை முளைக்கும். கடை பெருகினால் ஊர் வளரும்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஊர் வளர்ந்தது. அதுதான் காவிரிப்பூம்பட்டினம். புகார் என்றும் பூம்புகார் என்றும் சொல்வார்கள். இன்று அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

ஊர் எப்படிப் பிறந்தது?

காவிரி ஆறு கடலில் சேரும் இடம் அது. கடலில் வந்த கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்து நின்றன. உள்நாட்டு நெல் ஆற்று வழியே வந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் சந்தை கூடியது. சோழ மன்னர்களுக்கு அது பெரிய துறைமுகம் ஆனது.

சந்தையில் என்ன விற்றார்கள்?

பட்டினப்பாலை என்னும் பழைய நூல் இதைச் சொல்கிறது. கடல் வழியே குதிரைகள் வந்தன. மூட்டை மூட்டையாக மிளகு வந்தது. முத்து, பவளம், சந்தனம், பொன் எல்லாம் வந்தன. ஈழத்திலிருந்து உணவுப் பொருள்கள் வந்தன. சுங்க அதிகாரிகள் மூட்டைகளின் மேல் புலி முத்திரை குத்தினார்கள். புலி சோழரின் சின்னம்.

அங்கே வணிகர்கள் விலையை வெளிப்படையாகச் சொன்னார்கள். வாங்கும்போது கூடுதலாக வாங்கவில்லை. கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவில்லை. பல மொழி பேசியவர்கள் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்தார்கள்.

நகரம் எங்கே போனது?

கடல் பொங்கி நகரை அழித்ததாக மணிமேகலை கூறுகிறது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

1960களில் அங்கே நிலத்தைத் தோண்டினார்கள். கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை கிடைத்தது. படகு கட்டும் மரக் கம்பங்களும் இருந்தன. நூல்கள் சொன்ன துறைமுகம் கற்பனை அல்ல என்று தெரிந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அந்தமானையும் தாக்கியது, பூம்புகார்க் கரையையும் தாக்கியது. கடல் வாழ்வு தரும். சில நாள் அதைப் பறிக்கவும் செய்யும். அலை அடங்கியதும் மக்கள் மறுபடி வலையை எடுத்தார்கள். கடையைத் திறந்தார்கள். கடலோர ஊர்களின் கதை இதுதான்.