பூங்குழலி: பெயரும் ஒலியும்

பெற்றோர் தம் மகவுக்கு அளிக்கும் முதற்செல்வம் பெயராகும். ஏனைய செல்வங்கள் வரும், போகும். பெயரோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். ஆதலின், பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பெண் மகவுக்குப் 'பூங்குழலி' என்று பெயரிட விரும்பியும், "இங்குள்ளோர் வாயில் இப்பெயர் நுழையுமா?" என்று தயங்கிப் பின்வாங்குவது சிந்தித்தற்குரியது.

பூவணிந்த கூந்தலை உடையவள் என்பது இப்பெயரின் பொருள். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரையில் ஓடம் செலுத்தும் அஞ்சா நெஞ்சினளாகப் பூங்குழலி தோன்றிய பின், இப்பெயர் தமிழ் வாசகர் உள்ளத்தில் நிலைத்தது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அக்கதை இரு திரைப்படங்களாகிக் கன்னடத்திலும் வெளிவந்தமையால், அண்டை வீட்டாரும் அப்பெயரைக் கேட்டறிந்தனர். எனினும், அது இன்றும் எங்கும் வழங்கும் பெயராகிவிடவில்லை. அதற்கு ழகரத்தின்பால் நமக்குள்ள அச்சமும் ஒரு காரணம் அன்றோ?

அந்த ழகரம் கன்னடத்துக்கு அயலானதன்று. பழங்கன்னடத்தில் அதற்கெனத் தனி எழுத்தே இருந்தது. 13 ஆம் நூற்றாண்டில் 'சப்தமணிதர்ப்பணம்' என்னும் இலக்கணம் செய்த கேசிராஜர் அதனைப் பற்றி விளக்கியுள்ளார். காலப்போக்கில் அவ்வொலி பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. நாம் 'கோழி' என்பதை அவர்கள் 'கோளி' என்பர். நம் 'வாழை' அவர்களுக்குப் 'பாளெ'. நம் 'மழை' அவர்களுக்கு 'மளெ'. வேய்ங்குழலைக் குறிக்கும் நம் 'குழல்' அங்கே 'கொளலு' என வழங்குகிறது. ஆகவே, கன்னட ஆசிரியை ஒருவர் 'பூங்குளலி' என்றழைத்தால் அது ஏளனமன்று. அவர் மொழியின் இயல்பேயாகும்.

நம்மவர் நாவில் மட்டும் ழகரம் பழுதின்றி ஒலிக்கிறதா? தென்மாவட்டங்களில் பலர் 'வாளைப்பளம்' என்கின்றனர். சென்னைப் பேச்சிலோ அது 'வாயப்பயம்' ஆகிறது. வீட்டில் நாமே 'குளலி' என்று அழைத்துவிட்டுப் பள்ளியைக் குறை கூறுதல் தகுமா?

இவ்வொலியைப் பயிலுதல் அரிதன்று. நுனிநாவை மேல்நோக்கி வளைத்து அண்ணத்தைத் தடவுவதால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் அன்றே வகுத்துள்ளார். ளகரத்தில் நா அண்ணத்தில் நன்கு பொருந்தும். ழகரத்திலோ பொருந்தாது, அணுகி நின்று காற்றுக்கு வழிவிடும். 'ஏழு', 'பழம்', 'குழல்' எனச் சிறுசொற்களை நாள்தோறும் சொல்லிப் பழக்கினால் குழந்தைகள் விரைவில் கைவரப்பெறுவர்.

எழுத்து வடிவிலும் ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் ழகரத்தைக் குறிக்க 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்தை இணைத்தெழுதும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அதனை அறியாதார் 'பூங்குசலி' என்றே வாசிப்பர். ஆயினும் ஒருமுறை தேர்ந்த எழுத்துக்கூட்டலை மாற்றாதிருத்தல் நன்று. பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றில் வேறுவேறாக இருப்பின் பிற்காலத்தில் தொல்லைகள் நேரும். பிறப்பைப் பதிந்த பின் 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆதலின் ஆர அமர எண்ணி முடிவு செய்யலாம். சான்றிதழின் கன்னட வடிவில் ளகரம் அமைவதை ஏற்றுக்கொள்வதே முறை. அம்மொழியில் இன்று வழங்கும் எழுத்து அதுவே.

பள்ளியில் சேர்க்கும் நாளன்றே ஆசிரியையிடம் பெயரின் பொருளையும் ஒலியையும் கனிவுடன் எடுத்துரைப்போம். "உங்கள் கொளலுதான் எங்கள் குழல்" என்று சொன்னால் அவரும் மகிழ்ந்து முயல்வார். அவர் நாவுக்கு எட்டாவிடினும் வருந்தற்க. தன் பெயரைத் தான் செம்மையாகச் சொல்லத் தெரிந்த குழந்தை, அதை எங்கும் நாணமின்றிச் சொல்லும். தமிழெழுத்தைப் பள்ளியில் பயில வாய்ப்பில்லாத நம் சிறுமியருக்கு, அப்பெயரே முதற்பாடமாக அமையட்டும்.