தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட பயணம்

யாழ்ப்பாணம் – சென்னை எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நடுவே கடல் இருக்கிறது. ஆனால் தூரம் அதிகம் இல்லை.

யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் பலாலியில் உள்ளது. அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு ஆகாய வழியில் சுமார் 355 கிலோ மீட்டர். அதாவது 220 மைல். சென்னையில் இருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிட இது குறைவு!

திருச்சி இன்னும் பக்கம். பலாலியில் இருந்து சுமார் 180 கிலோ மீட்டர்தான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், பல ஆண்டுகள் நேர் விமானம் இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

சுற்று வழி

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம். சென்னையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். எப்படிப் போவது?

முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். சாலை வழியே சுமார் 400 கிலோ மீட்டர். பிறகு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வடக்கே திரும்பிப் பறக்க வேண்டும். அது சுமார் 640 கிலோ மீட்டர்.

மொத்தம் 1,040 கிலோ மீட்டர். நேர் வழியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! பஸ் செலவு, கொழும்பில் தங்கும் செலவு, குழந்தைகளோடும் வயதானவர்களோடும் அலைச்சல் எல்லாம் தனி.

பழைய வழி

இந்த ஆகாய வழி புதியது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் தளம் அமைத்தது.

1947 டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனியின் முதல் விமானம் பறந்தது. கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொல்லப்பட்டது பலாலி நிலையமே.

பின்னர் சேவை நின்றது. 1983-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளம் ஆயிற்று. 1990-ல் சுற்றுப்புற மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். போர் 2009-ல் முடிந்த பிறகும், விமானத்துக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2019 அக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020-ல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. 2025 மார்ச்சில் திருச்சி சேவையும் ஆரம்பமாயிற்று.

எவ்வளவு நேரம்?

இந்த வழியில் விடப்பட்டவை 'ஏ.டி.ஆர்.' என்ற விசிறி விமானங்கள். எழுபதுக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். வேகம் மணிக்கு சுமார் 500 கிலோ மீட்டர்.

கணக்குப் போட்டால், சென்னைக்கு 43 நிமிடம் போதும். ஆனால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஏன்?

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், மறு ஊரில் போய் நிற்பது வரை உள்ள நேரமே பயண நேரம். அது ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும், கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் போக முடியாது.

அதனால்தான் பாதி தூரமே உள்ள திருச்சிக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. தூரம் பாதி ஆனாலும் நேரம் பாதி ஆவதில்லை!

பாஸ்போர்ட், விசா, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. ஆகவே ஆகாயத்தில் இருக்கும் நேரத்தைவிட, நிலையத்தில் காத்திருக்கும் நேரம் அதிகம்.

ஆனாலும் பயணிகள் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் கண் விழித்துக் கொழும்பைச் சுற்றி வந்தவர்களுக்கு, இந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டா?