நம்பகமான கைத்துப்பாக்கி எது?

2024-ஆம் வருஷம் பாரீஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் புதுக்கோட்டை ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ பிருத்விராஜ் தொண்டைமான் துப்பாக்கி ஏந்தி நின்றாலும் நின்றார், நமது ஊர் வாலிபர்களுக்கெல்லாம் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. நம்மிடம் முன்பு படித்த ஒருவர் ஒரு நாள் மாலை வீடு தேடி வந்தார். "ஸார், பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுட .22 பிஸ்டல் ஒன்று வாங்க உத்தேசம். எது நம்பகமானது?" என்று கேட்டார். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் .22 ரைபிளைத் தோளில் தாங்கிய பெருமை நமக்கு உண்டல்லவா? உடனே உபதேசம் செய்ய உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் ஒரு திருத்தம். தொண்டைமான் சுடுவது பறக்கும் மண் தட்டுகளை. அதற்கு நீண்ட குழல் துப்பாக்கி. நண்பர் கேட்டதோ கைக்கு அடக்கமான வேறு ஜாதி. .22 தோட்டாவின் அடிப்பாகத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பில் தட்டியதும் தோட்டா வெடிக்கும். விலை மலிவு, அதிர்ச்சி குறைவு, கற்பவருக்கு உகந்தது. ஆனால் மருந்து விளிம்பெங்கும் சமமாகப் பரவாவிட்டால், ஊசி தட்டியும் வெடிக்காது.

ஆகையால் இந்த ஜாதித் துப்பாக்கியில் நம்பகம் என்பது துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் தோட்டா மற்றொன்றில் சிக்கிக்கொள்ளும். வேகம் குறைந்த தோட்டாவானால், வெற்றுக் கூட்டை வெளியே தள்ளப் போதிய விசை கிடைக்காமற் போகலாம். நீங்கள் வழக்கமாக வாங்கப் போகும் தோட்டாவையே 100, 200 முறை சுட்டுப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். கையை நீட்டி ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்குரியதல்ல. விசை மிக லேசாயிருப்பது சிறப்பென்று நினைக்க வேண்டாம். சர்வதேசப் பந்தயங்களிலேயே இவ்வகைப் பிஸ்டலின் விசை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாதென்று விதி இருக்கிறது. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகுவதும் கூடாது. பல துப்பாக்கிகளில் ஊசி குழலின் விளிம்பில் இடித்து இரண்டும் கெடும்.

இத்தாலியப் பார்டினி, ஜெர்மானிய வால்தர் முதலியவை பந்தய வீரர்களிடம் பெயர் பெற்றவை. ஆயினும் வெளிநாட்டுத் துப்பாக்கியை இஷ்டம்போல் வரவழைக்க நம் நாட்டில் சாமானியருக்கு அனுமதியில்லை. தகுதி பெற்ற வீரர்களுக்கே அந்தச் சலுகை. பெயர் பெற்ற கருவியும் காலை வாரிவிடும். 2021-இல் டோக்கியோவில் குமாரி மனு பாக்கரின் காற்றுப் பிஸ்டல் போட்டி நடுவே பழுதாகி, அருமையான நிமிஷங்கள் வீணாயின. இறுதிச் சுற்று கைநழுவிப் போயிற்று. அவர் மனம் தளரவில்லை. பாரீஸில் காற்றுப் பிஸ்டலால் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார்; .22 பிஸ்டலில் நான்காவதாக வந்தார்.

இனி சட்டம். லார்டு லிட்டன் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியரை மட்டும் லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்தது. 1959-ஆம் வருஷச் சட்டம் எல்லோருக்கும் பொது. நமது ஜில்லாவில் மனுக் கொடுக்கப் போக வேண்டிய கலெக்டர் ஆபீஸோ தொண்டைமான் மன்னரின் பழைய அரண்மனையிலேயே நடக்கிறது!

அரண்மனை வாசலுக்குப் போகுமுன் நண்பரை ஒரு விஷயம் நினைத்துப் பார்க்கச் சொன்னோம். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, நார்த்தாமலைக்கருகே பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அப்போது எல்லை தாண்டிப் பறந்த குண்டு ஒன்று, தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுப் பாலகனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் கண் மூடினான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கிகளும் சர்க்கார் துப்பாக்கிகள்.

".22 சின்னக் குண்டுதானே, ஸார்?" என்றார் நண்பர்.

சின்னதுதான், மூன்று கிராம்கூட இராது. ஆனால் அது ஒன்றரைக் கிலோமீட்டர் போகக் கூடியது. நமது ஊரில் தென்னந்தோப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவ்வளவு தூரம் கிடையாது. வெடிக்காத தோட்டாவும் சில சமயம் தாமதித்து வெடிக்கும். அப்போது குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் அரை நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

முடிவாக நாம் சொன்னது இதுதான்: முதலில் சங்கம் ஒன்றில் சேர்ந்து, ஆசிரியர் கண் முன்னே காற்றுப் பிஸ்டலில் பழகுங்கள். பிறகு சங்கத்து .22 பிஸ்டலை ஒரு வருஷம் சுட்டுப் பாருங்கள். உயர்ந்த மண்சுவர் பின்னால் இருக்கும் தளத்தைத் தவிர வேறெங்கும் சுடுவதில்லை என்று விரதம் கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால் மனுப் போடுங்கள்.

நண்பர் சற்று ஏமாற்றத்துடன்தான் எழுந்து போனார். ஆனால் வாசற்படியில் நின்று, "காற்றுப் பிஸ்டல் எது நம்பகமானது, ஸார்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! நமக்குத் திருப்தியாகவே இருந்தது.