தண்ணீரும் தவணையும்

2022-ஆம் ஆண்டின் இறுதியில், பெங்களூருவில் நான் பணியாற்றிய கிளைக்கு ஓர் இளைஞர் கடன் விண்ணப்பத்துடன் வந்தார். தருமபுரி மாவட்டத்துக்காரர். இருசக்கர வாகனங்களுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் கடையொன்றில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். "வண்டியைக் கழுவுகிற அதே இயந்திரத்தால் வீட்டைக் கழுவப் போகிறேன் சார்" என்றார். அதுவரை எங்கள் கிளைக்கு அப்படியொரு திட்டம் வந்ததில்லை. தையற்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் கடன் மதிப்பிட்டுப் பழகிய எனக்கு, சுவரைக் கழுவுவதில் என்ன வருமானம் இருக்கும் என்ற ஐயம் எழுந்தது.

நகரைச் சுற்றிப் பார்த்தபோது ஐயம் குறைந்தது. பெங்களூருவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அக்டோபரில் அடுத்த மழையும் உண்டு. வெயில் கடுமையாகக் காய்வதில்லை. சுற்றுச்சுவர், மொட்டை மாடி, வாகனம் நிறுத்தும் இடத்துப் பேவர் பிளாக் என ஈரம் தங்கும் இடமெல்லாம் முதலில் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் பாசி படிகிறது. வழுக்கி விழுந்து முதியவர்கள் எலும்பை முறித்துக்கொள்வதும் நடக்கிறது. மீண்டும் வண்ணம் பூசுவதைக் காட்டிலும் கழுவுவது பன்மடங்கு மலிவு. ஆகவே முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 3 லட்சம் ரூபாய் அனுமதித்தோம். 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரையிலான கடன்கள் அப்பிரிவில் அடங்கும். வட்டி 11 விழுக்காடு. 36 மாதத் தவணை, மாதம் ஏறத்தாழ 9,820 ரூபாய். இரண்டு இயந்திரங்கள், குழாய்கள், பழைய மூன்று சக்கர சரக்கு வாகனம் ஒன்று ஆகியவற்றுடன் தொழில் தொடங்கியது.

இந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் அளவுதான். தொழில்முறை நீரழுத்த இயந்திரம் 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவில் நீரைப் பீய்ச்சும். தோலின் மீது நேராகப் பட்டால் நீர் உள்ளே புகுந்துவிடும். வெளியே சிறு கீறலாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. நீரின் வீச்சைத் தீர்மானிப்பது முனையில் பொருத்தும் நாசில். சுழியக் கோணத்துக்குச் சிவப்பு, 15 பாகைக்கு மஞ்சள், 25-க்குப் பச்சை, 40-க்கு வெள்ளை எனப் பொதுவாக நிறம் பிரித்திருப்பார்கள். சிவப்பு முனையில் ஊசிபோல் ஒரே புள்ளியில் விழும் நீர், வெள்ளை முனையில் விசிறிபோல் விரிந்து விழும்.

நம்மவர் முதல் பாடத்தைக் கற்றது இந்த நிறத்தில்தான். ஒரு தனி வீட்டின் டெக்ஸ்சர் வண்ணச் சுவரில் பிடிவாதமான கறை ஒன்றைப் போக்க, அவருடைய பணியாள் சிவப்பு நாசிலை மாட்டினார். கறை போயிற்று; அதனுடன் வண்ணமும் அதன் கீழிருந்த பூச்சும் ஓர் ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தன. சீர்செய்ய 18,000 ரூபாயைக் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். அந்த வேலைக்கு அவர் பேசியிருந்த கூலி 6,000 ரூபாய்.

அதன் பிறகே தொழிலின் உள்விவரங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். வண்ணம் பூசிய சுவருக்கு அழுத்தம் தேவையில்லை. நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளித்து, பாசி செத்தபின் மெல்லிய நீரால் கழுவினால் போதும். சதரஹள்ளிக் கருங்கல்லும் சிமெண்டுத் தரையும் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் ஆசிட் ஊற்றினால் சிமெண்டு அரிபடும், பளிங்கு பொங்கும். ஆசிட்டும் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய படிக்கட்டுப் பகுதியில் அது உயிரைப் பறிக்கலாம். கரைசலைத் தெளிக்கும் முன் செடிகளை நனைத்து மூடவேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெங்களூருவின் பல வீடுகளில் மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது. கழுவிய நீர் அதில் இறங்காதபடி வாயை அடைக்கவும் வேண்டும். வாசலில் இறங்கியதும் இயந்திரத்தை ஓடவிடுபவரைவிட, அரைமணி நேரம் சுற்றிவந்து கேள்வி கேட்பவரே இத்தொழிலில் தேர்ந்தவர் என்பது என் எண்ணம்.

முதல் எட்டு மாதம் தவணைகள் பிசகாமல் வந்தன. கௌரி கணேச பண்டிகை தொடங்கி ஆயுத பூஜை, தீபாவளி வரை அவருக்கு ஓய்வே இல்லை. அடுத்த மாதங்களில் தவணை பத்து நாள், இருபது நாள் என்று தள்ளிப்போகத் தொடங்கியது. 2024 மார்ச் மாதத்தில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர்ப் பஞ்சம் நாடறிந்த செய்தியானது. வாகனம் கழுவுதல், தோட்டம், கட்டுமானம், அலங்கார நீரூற்று போன்றவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக்கூடாது என்று நகரக் குடிநீர் வாரியம் தடைவிதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். குளிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் சுவர் கழுவ எவர் அழைப்பார்? ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்ட வேலைகள் அனைத்தும் நின்றுபோயின.

கடன் கணக்கு 52 நாள் நிலுவையில் இருந்தபோது அவர் என் மேசைக்கு வந்தார். 30 நாளைக் கடந்த நிலுவையை வங்கிகள் சிறப்புக் கவனிப்புக் கணக்கின் இரண்டாம் படியில் வைக்கின்றன. 90 நாளைக் கடந்தால் அது வாராக்கடன். அதன் தழும்பு கடன் மதிப்பெண்ணில் பல ஆண்டு நிற்கும். அவர் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்து, "வண்டியையும் மெஷினையும் எடுத்துக்கொள்ளுங்கள் சார், நான் மறுபடி வாட்டர் சர்வீஸுக்கே போய்விடுகிறேன்" என்றார். பழைய இயந்திரத்தை விற்று வங்கிக்கு என்ன கிடைத்துவிடும்? சாவியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

நோட்டு என்று ஒன்று இல்லை. கைப்பேசியில் இருந்த பணப்பரிமாற்றக் குறிப்புகளைக் கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். சதுர அடிக்கு இரண்டரை ரூபாய் வீதம், ஒரு நாளில் 1,600 சதுர அடி பேவர் பிளாக் கழுவி 4,000 ரூபாய் பெற்றுவந்தார். இரண்டு ஆட்களின் கூலி 1,800, எரிபொருள் 500, வேதிப்பொருள் 600, ஆக 2,900. மீதி 1,100 ரூபாய் தம் லாபம் என்று ஒன்றரை ஆண்டாக நம்பியிருந்தார்.

இயந்திரமும் குழாயும் நாசிலும் தேய்வதற்கு நாளொன்றுக்கு 250 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். தவணை 9,820 ரூபாய். பொருள் வைக்கும் அறையின் வாடகை, காப்பீடு, தொலைபேசி ஆகியவற்றுக்கு 6,500 ரூபாய். இவை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும் செலவுகள். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு இவற்றின் பங்கு 653 ரூபாய். ஆனால் அவருக்கு உண்மையில் கிடைத்தது சராசரியாக 15 நாள். மழை பெய்யும் நாளில் கழுவ முடியாது, மின்தடை உண்டு, சங்கத் தலைவர் ஊரில் இல்லை என்று தள்ளிப்போவதும் உண்டு. 15 நாளுக்குப் பகிர்ந்தால் அந்தப் பங்கு 1,088 ரூபாய் ஆகிறது. ஆக, ஒரு நாள் வேலைக்கு ஆன உண்மைச் செலவு 4,238 ரூபாய். தம் உழைப்புக்கு ஒரு ரூபாயும் வைத்துக்கொள்ளாத நிலையிலேயே ஒவ்வொரு வேலைநாளும் அவருக்கு 238 ரூபாய் நட்டம். குடும்பச் செலவுக்கு மாதம் 25,000 ரூபாய் எடுப்பதானால் கேட்க வேண்டிய விலை 5,905 ரூபாய். அதாவது சதுர அடிக்கு மூன்றே முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தண்ணீர்ப் பஞ்சம் வரவில்லை என்றாலும் அவர் விழுந்துதான் இருப்பார். இன்னும் ஓராண்டு கழித்து, இன்னும் பெரிய கடனுடன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "விலையை ஏற்றினால் பக்கத்திலிருப்பவன் இரண்டு ரூபாய்க்குச் செய்கிறானே சார்" என்றார் கடைசியில். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஆனால் தவணையும் வாடகையும் சேர்ந்த 16,320 ரூபாயை மட்டும் மாதந்தோறும் உறுதியாக வரச் செய்தால், பிற வேலைகளுக்கு விலை பேச அவருக்குத் துணிவு வரும் என்று தோன்றியது. ஆண்டு ஒப்பந்தம் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. மொட்டை மாடி, வாகன நிறுத்துமிடம், சுற்றுச்சுவர், குப்பைத் தொட்டி வைக்கும் இடம் என்று சுழற்சி முறையில் மாதம் ஒரு நாள் வேலை. மாதக் கட்டணம் 4,500 ரூபாய், வங்கிக் கணக்கில். நான்கு குடியிருப்புகள் சேர்ந்தால் 18,000.

தண்ணீருக்கும் வழி இருந்தது. பெரிய அடுக்ககங்கள் பலவற்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதன் நீரில் ஒரு பகுதி பயனின்றி வடிகாலுக்கே போகிறது. தடை குடிநீருக்குத்தான், சுத்திகரித்த நீருக்கு அன்று. அதைப் பயன்படுத்த ஒரு வடிகட்டியும் 1,000 லிட்டர் தொட்டியும் தேவைப்பட்டன. இல்லாவிட்டால் மண் துகள் பம்பைத் தின்றுவிடும். திவலைகள் மூச்சில் போகாதிருக்க ஆட்களுக்கு முகக்கவசம், குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் வேலை என்ற கட்டுப்பாடு, நீர் முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்று கேட்டறிதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றால் மணிக்கு 720 லிட்டர். "உங்கள் குடிநீரில் ஒரு சொட்டும் வேண்டாம்" என்று சொல்லக்கூடியவருக்கு அந்தக் கோடையில் கதவுகள் திறந்தன. மே மாதத்துக்குள் மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நான்காவது, ஆகஸ்டில்தான் வந்தது.

நிலுவைத் தவணைகளை அடைக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். மூன்று இடங்களிலிருந்து அவருக்கு வரவேண்டிய 41,000 ரூபாய் மாதக்கணக்கில் நின்றிருந்தது. பணி ஆணை இல்லை, பட்டியல் இல்லை, வாய்ப்பேச்சுதான். உத்யம் பதிவைச் செய்துகொண்டு, அந்த எண்ணுடன் முறையான பட்டியல் அனுப்பினார். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுக்கு முந்திய வேலைகளுக்கு அதைச் சொல்லி வாதாட முடியாதுதான். எனினும் பட்டியலைக் கண்டதுமே இருவர் பணம் அனுப்பிவிட்டார்கள். 90 நாளைத் தொடுமுன் கணக்கு நேரானது. மூன்றாமவர் இன்றுவரை தரவில்லை.

வரி விவரங்களில் நெடிது சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும்வரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமன்று. ஒப்பந்தத் தொகையிலிருந்து சங்கங்கள் 1 விழுக்காடு வரி பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பலர் அதைச் செய்வதேயில்லை.

உயரமான கட்டடங்களின் கண்ணாடி முகப்புக்கு நல்ல கூலி உண்டு. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, கயிற்றில் இறங்கப் பயிற்சி பெற்ற ஆள் தம்மிடம் இல்லை என்று மறுத்துவிட்டார். தரையில் நிற்கும் இரு ஆட்களுக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தை அவரே கட்டுகிறார். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு. அது போதாது என்று நான் சொல்லியிருக்கிறேன். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கும், வாடிக்கையாளர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை.

சென்ற முறை அவர் கிளைக்கு வந்தது மூன்றாவது இயந்திரத்துக்குக் கடன் கேட்க. இம்முறை கேளாமலே நோட்டை மேசைமேல் வைத்தார். நாளுக்கு ஒரு வரி: இடம், சதுர அடி, வரவு, செலவு. ஜூலை மாதப் பக்கத்தில் பதினொரு நாளுக்கு 'மழை, வேலை இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பதினொரு வரிகளிலும் வரவுப் பத்தி வெறுமையாக இருந்தது. செலவுப் பத்தியில் தவணைக்கும் வாடகைக்கும் உரிய அன்றைய பங்கு எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பத்துடன் அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்து மேலே அனுப்பினேன்.