இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் "தெரியாது"ன்னு சொல்லலாமா?



போன மாசம் என் சித்தி பையன் போன் பண்ணான். ஏற்காடு பக்கம் நாகலூர்தான் ஊர். சேலத்துல இன்ஜினியரிங் கடைசி வருஷம். "அண்ணா, நாளை மறுநாள் ஒரு பெரிய டெக் கம்பெனியில இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. ஆன்லைன்ல தான். தெரியாத கேள்வி வந்தா என்ன பண்றது?" குரல்லயே பயம் தெரிஞ்சுது. சித்தி காபி எஸ்டேட்டுல கூலி வேலைக்குப் போறவங்க. அவன் சம்பாதிக்க ஆரம்பிச்சாதான் அவங்களுக்கு ஓய்வு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கலாம். அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

சுந்தர் பிச்சைக்கே தெரியல

சுந்தர் பிச்சை வேலைக்காக கூகுள் இன்டர்வியூவுக்குப் போனது 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிச்சதும் அதே நாள். "ஜிமெயில் பத்தி என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அவர் அது ஏப்ரல் ஃபூல் ஜோக்னு நினைச்சாராம். முதல் சில ரவுண்டுல உருப்படியா பதில் சொல்ல முடியல. நாலாவதா வந்தவர், "பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டப்போ, இல்லைன்னு ஒத்துக்கிட்டார். அவர் திறந்து காட்டினார். அடுத்த ரவுண்டுல கருத்து சொல்ல முடிஞ்சுது. 2017 ஜனவரியில் ஐஐடி கரக்பூர்ல அவரே சொன்ன கதை இது.

கோடிங் ரவுண்டில் என்ன பார்ப்பாங்க?

பதிலை மட்டும் பார்க்க மாட்டாங்க, நீங்க யோசிக்கிற விதத்தையும் பார்ப்பாங்க. ஒரு பிரபலமான கேள்வி: லிஸ்ட்ல எந்த ரெண்டு நம்பரைக் கூட்டினா 10 வரும்?

1. முதல்ல சந்தேகம் கேளுங்க. மைனஸ் நம்பர் வருமா? ஒரே நம்பரை ரெண்டு தடவை எடுக்கலாமா?

2. சுமாரான வழியா இருந்தாலும் சொல்லிடுங்க. ஒவ்வொரு ஜோடியா கூட்டிப் பார்க்கலாம். 1,000 நம்பர் இருந்தா கிட்டத்தட்ட 5 லட்சம் ஜோடி.

3. அப்புறம் மேம்படுத்துங்க. பார்த்த நம்பரை எல்லாம் ஹாஷ் மேப்புல போட்டு வெச்சா, லிஸ்ட்டை ஒரு தடவை ஓட்டினாலே போதும்.

4. யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்க. அமைதியா இருந்தா, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியாது. குறிப்பும் கொடுக்க முடியாது.

ஸ்டைபண்ட் கணக்கு

உதாரணத்துக்கு, பெங்களூருல மாசம் 25,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பிஜிக்கு 10,000, மத்த சாப்பாடு, பஸ், போனுக்கு 6,000 போனா கையில நிக்கிறது 9,000. சேலத்துலயே 15,000 கிடைச்சு, செலவு 5,000 ஆனா 10,000 மிஞ்சும்! அதனால தொகையை மட்டும் பார்க்காதீங்க. என்ன வேலை கத்துக்கலாம், முடிஞ்சதும் நிரந்தர வேலைக்கு வாய்ப்பு இருக்கான்னு கேளுங்க.

பலரும் மறக்கிற விஷயம் முதல் மாசம். ஸ்டைபண்ட் மாசக் கடைசியில தான் வரும். பிஜி அட்வான்ஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் அதுக்கு முன்னாடியே கட்டணும். இந்த உதாரணத்துல 26,000 வரை கைல வேணும். சம்பளம் வாங்குற அண்ணனோ அக்காவோ அதை இப்பவே தனியா எடுத்து வெச்சா, லோன் ஆப் பக்கம் அவங்க போக வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட்னு யாராவது பணம் கேட்டா, அது இன்டர்ன்ஷிப்பே இல்ல. உடனே விலகிடுங்க.

தம்பி என்ன பண்ணான்?

மலையில மழை வந்தா கரன்டும் சிக்னலும் எப்போ போகும்னு சொல்ல முடியாது. அதனால முதல் நாளே 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்துல ஃபிரண்ட் ரூமுக்குப் போயிட்டான். ரெண்டாவது கேள்வியில மாட்டிக்கிட்டான். "இது எனக்குத் தெரியல சார், ஆனா இப்படி ஆரம்பிப்பேன்"னு சொல்லியிருக்கான். அவர் ஒரு குறிப்பு கொடுக்க, பாதி தூரம் போயிருக்கான்.

ரிசல்ட் இன்னும் வரல. ஆனா இந்தத் தடவை போன்ல பேசினப்போ குரல்ல அந்தப் பயம் இல்ல. கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும், முதல் மாசப் பணம் 26,000 ரூபாயை நான் எடுத்து வெச்சாச்சு. இது இல்லைன்னா அடுத்ததுக்கு ஆகும்.