வானம் காட்டிக்கொடுத்துவிடும்

கறுப்பு வெள்ளைப் பிலிமைச் சரியாகக் கழுவவில்லை என்றால் முதலில் தெரிவது வானத்தில்தான். மரமும் பாறையும் எந்தத் திட்டையும் மறைத்துவிடும். வெறும் வானத்தில் ஓரம் வெளுத்திருப்பதும் நடுவே பட்டை விழுந்திருப்பதும் பளிச்சென்று தெரியும். பெரிய கேமராக்களில் போடும் 4×5 அங்குல ஷீட் பிலிமில், அதுவும் வீட்டில் கழுவும்போது, இந்தத் தொல்லை அதிகம்.

டெவலப்பர் ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கறுத்த வெள்ளியாக்குகிறது. அப்போது டெவலப்பரின் வீரியம் குறைகிறது. புரோமைடும் வெளியேறி வேலையை மந்தப்படுத்துகிறது. திரவத்தை அசைக்காவிட்டால் தளர்ந்த டெவலப்பர் அங்கேயே தங்கி, திட்டு விழும். செங்குத்தாகத் தொங்கும் பிலிமில் புரோமைடு கீழே வழிந்து கோடு போடும். அதற்காக ஒரே திசையில் வேகமாக ஆட்டினாலும் வினைதான்: ஓரங்களில் திரவம் சுழித்து, அங்கே மட்டும் கறுப்பு கூடிவிடும். அசைவு வேண்டும், ஆனால் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

இதற்கு எனக்குப் பிடித்தது பழைய தட்டு முறை. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் தன் 8×10 அங்குல நெகட்டிவ்களைத் தட்டில்தான் கழுவினார். இன்றைய பிலிம்கள் பெரும்பாலும் எல்லா நிறத்தையும் உணர்பவை என்பதால் சிவப்பு விளக்குகூடக் கூடாது. கும்மிருட்டில் விரல்தான் கண். பிலிமின் ஒரு மூலையில் சிறு வெட்டுகள் இருக்கும். நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டு வலப்பக்க மேல் மூலையில் வந்தால் மருந்து பூசிய பக்கம் உங்களைப் பார்க்கிறது.

முதலில் தண்ணீர்த் தட்டில் ஒவ்வொன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த இரண்டு ஷீட்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. பிறகு டெவலப்பரில் இறக்கி, அடியில் இருப்பதை உருவி மேலே வைத்து மெல்ல அமிழ்த்த வேண்டும். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல, கடைசி வரை. ஒரு சுற்று முடிந்ததும் கட்டைத் திருப்பிவைத்தால் அசைவின் திசையும் மாறும். நகம் வெட்டியிருக்க வேண்டும். நனைந்த மருந்துப் பூச்சில் சட்டென்று கீறல் விழும். ஒரு ஷீட்டின் மூலை இன்னொன்றின் முகத்தைக் குத்துவதுதான் வழக்கமான விபத்து. புதியவர்கள் இரண்டோடு தொடங்கலாம்.

கழுவும் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால், திரவம் பிலிமை முழுதாக நனைக்க எடுக்கும் சில நொடி வித்தியாசமும் படத்தில் தெரியும். டி-76 போன்ற டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் தட்டைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்காமல் காரியம் ஆகாது. ஹைப்போவில் நிலைப்படுத்திய பிறகு விளக்கைப் போடலாம்.

கை தேறியதா என்று பார்க்க, சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துக் கழுவிப் பாருங்கள். நெகட்டிவில் நான்கு மூலையும் ஒரே அளவு வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் லென்ஸின் வேலை. ஒரு ஓரம் மட்டும் கறுத்திருந்தால் ஆட்டிய விதத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.